பகுப்பாய்வாளர் யார்? கட்டமைப்பாளர் யார்?



தோட்டத்துப் பெற்றோர் பலர் நம்மைக் காணும்போது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்கிறான். படித்து முடித்து என்ன வேலை பார்ப்பான்?" என்பார்கள். ஆசிரியர் வேலை என்ன, டிரஸர் வேலை என்ன, கிராணியார் வேலை என்ன என்பதெல்லாம் நமக்குத் தெரியும், கண்ணால் பார்த்திருக்கிறோம். ஆனால் பத்திரிகை விளம்பரத்தில் 'சாஃப்ட்வேர் அனலிஸ்ட்' தேவை என்றும், அதற்கு அடுத்த கட்டத்திலேயே 'சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட்' தேவை என்றும் போட்டிருந்தால், இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று படித்தவர்களே தடுமாறுகிறார்கள். அனலிஸ்ட் என்பவரைப் பகுப்பாய்வாளர் என்றும், ஆர்க்கிடெக்ட் என்பவரைக் கட்டமைப்பாளர் என்றும் தமிழில் சொல்லலாம். இந்த இருவரும் செய்வது என்ன என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

இது பிள்ளைகளின் படிப்பு பற்றிய செய்தி மட்டுமன்று. உங்கள் சம்பளக் கணக்கு, சேமநிதிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு எல்லாம் இன்று கணினிக்குள் இருக்கின்றன. அவற்றில் ஒரு தவறு நேர்ந்தால், அது பெரும்பாலும் இந்த இருவரில் ஒருவர் தம் வேலையைச் சரியாகச் செய்யாததால் வந்ததாகவே இருக்கும்.

முதலில், தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். ஒரு ரப்பர் தோட்டத்தின் சம்பளக் கணக்கைக் கணினியில் போட வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினி தானாக எதையும் அறியாது. எதை, எப்படிக் கணக்கிட வேண்டும் என்று ஒவ்வொரு படியாக அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுப்பதற்குத்தான் மென்பொருள் என்று பெயர். அதை எழுதுகிறவர் புரோகிராமர். ஆனால் புரோகிராமர் எழுதத் தொடங்குவதற்கு முன்னால் தோட்டத்துக் கணக்கு எப்படி நடக்கிறது என்று யாராவது கேட்டறிந்து வர வேண்டும் அல்லவா? அவர்தான் பகுப்பாய்வாளர்.

அவர் ஆபீசில் உட்கார்ந்து மானேஜரிடம் மட்டும் கேட்டுப் போனால் என்ன ஆகும்? "பால் எடைக்கு ஏற்பக் கூலி" என்று ஒரு வரியில் பதில் கிடைக்கும். அவரும் அதையே எழுதிக்கொண்டு போய்விடுவார். ஆனால் பால் வாளியில் மழைத்தண்ணீர் கலந்தால் எடை கூடும், ரப்பர் கூடாது என்பது மரம் வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். அதனால்தான் எடையோடு உலர்ந்த ரப்பரின் அளவையும் சோதித்துப் பார்க்கிறார்கள். ஒட்டுப்பாலுக்குக் கணக்கு வேறு. பாதி நிரை வெட்டியபோது மழை பிடித்துக்கொண்டால் அன்றையக் கணக்கு எப்படி? மனைவி பெயரில் உள்ள நிரையை, அவர் உடம்புக்கு முடியாத நாளில் கணவர் வெட்டிக் கொடுத்தால் பால் யார் பெயரில் ஏறும்? ஒரே தோட்டத்தில் மூன்று முனியாண்டிகள் இருந்தால் யார் கணக்கு யாருக்குப் போகும்? இவையெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. பெரட்டுக் களத்திலும் பால் ஸ்டோரிலும் நின்று, கங்காணியிடமும் கிராணியாரிடமும் மரம் வெட்டும் அம்மாவிடமும் தனித்தனியே கேட்டால்தான் தெரியும். மூவரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். அவற்றில் எது நடைமுறை, எது வெறும் பேச்சு என்று பிரித்தறிந்து, ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதி, "நீங்கள் சொன்னது இதுதானா?" என்று அவர்களிடமே திரும்பக் காட்டி ஒப்புதல் வாங்குவதுதான் பகுப்பாய்வாளரின் தொழில்.

வழக்கமான நாளின் கணக்கை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். வழக்கத்துக்கு மாறான நாளைத் தோண்டி எடுப்பதில்தான் அவருடைய திறமை இருக்கிறது.

இனிக் கட்டமைப்பாளரிடம் வருவோம். பகுப்பாய்வாளர் கொண்டுவந்த விவரமெல்லாம் அவர் மேசைக்கு வருகிறது. அவர் கேட்கிற கேள்விகள் வேறு மாதிரியானவை. பால் நிறுக்கும் இடத்தில் கைபேசிக்கு அலைவரிசை கிடைக்குமா? கிடைக்காவிட்டால் அன்றைய எடையைக் கருவி தன்னுள்ளேயே வைத்திருந்து, ஆபீசுக்கு வந்தபின் கொடுக்க வேண்டும். நடுவழியில் கருவி கீழே விழுந்து உடைந்தால் அன்றைய பால் கணக்கு என்ன ஆகும்? இது ஒரு தோட்டத்துக்கு மட்டுமா, நாளை நாற்பது தோட்டங்களுக்கும் வருமா? சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது தீபகற்ப மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அப்படியானால் நாற்பது தோட்டங்களும் அந்தச் சில நாட்களிலேயே ஒன்றாக வந்து மோதுமே, கணினி தாங்குமா? எழுதிய எடையைப் பிறகு திருத்தும் உரிமை யாருக்கு? திருத்தினால், யார் எப்போது திருத்தினார் என்ற தடயம் இருக்குமா?

இந்தக் கடைசிக் கேள்வியின் அருமை, செக்ரோலில் பெயர் விடுபட்டு ஒரு நாள் கூலி போனவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் அவர் பார்க்க வேண்டும். எது மாறும், எது மாறாது என்பது. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013-ஆம் ஆண்டு முதன்முதலாக நடப்புக்கு வந்தபோது, தீபகற்பத்தில் அது மாதம் 900 வெள்ளி. அதன்பிறகு பலமுறை மாறி, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. இந்த எண்ணை மென்பொருளின் உள்ளே நூறு இடங்களில் எழுதி வைத்தவர், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நூறு இடங்களைத் தேட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் யாரோ ஒருவருக்குப் பழைய சம்பளமே போகும். நல்ல கட்டமைப்பாளர் அந்த எண்ணை ஒரே இடத்தில் தனியாக வைத்து, மற்ற எல்லாப் பகுதிகளும் அங்கே வந்து பார்த்துக்கொள்ளும்படி செய்துவிடுவார். வீடு கட்டும்போது தண்ணீர்க் குழாயைச் சுவருக்குள் புதைத்து விடாமல், கைக்கு எட்டும்படி வைப்பது போன்றது இது.

ஆக, என்ன வேண்டும் என்று கண்டறிகிறவர் ஒருவர். அது எந்த அமைப்பில் நின்றால் பாரம் ஏறினாலும், பழுது வந்தாலும், சட்டம் மாறினாலும் நிலைத்து நிற்கும் என்று தீர்மானிக்கிறவர் மற்றவர்.

இந்தப் பகுப்பாய்வு வேலை எங்கே தோன்றியது என்று கேட்டால், நேயர்களுக்கு வியப்பாக இருக்கும். இது ஒரு தேயிலைக் கம்பெனியோடு தொடர்புடைய கதை. இலண்டனில் ஜே. லயன்ஸ் என்ற நிறுவனம் தேயிலையும் ரொட்டியும் கேக்கும் விற்றதோடு, ஊரெங்கும் தேநீர்க் கடைகளையும் நடத்திவந்தது. அந்த நிறுவனம் தன் ஆபீசு வேலைக்கென்று தானே ஒரு கணினியைச் செய்துகொண்டது. அதன் பெயர் லியோ. 1951 நவம்பரில் ரொட்டிச்சாலைக் கணக்கைப் போடத் தொடங்கிய அதுவே, வாணிகக் கணக்குகளை அன்றாட வேலையாகச் செய்த உலகின் முதல் கணினி என்று போற்றப்படுகிறது. நம் மலாயாவில் ஊழியர் சேமநிதி தொடங்கப்பட்டதும் அதே 1951-ஆம் ஆண்டில்தான். கூலிக்காரர்களின் காசு அப்போது இங்கே பேரேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே மின்பொறிக்குள் ஏறத் தொடங்கியது.

லியோ இயந்திரத்தை வடிவமைத்த பொறியாளர் ஜான் பிங்கர்டன். ஆனால் அந்த இயந்திரம் என்ன வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஆபீசு முறைகளை ஆராய்ந்து வகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டேவிட் கேமினர். வணிகத் துறையின் முதல் பகுப்பாய்வாளர் என்று பலரும் அவரையே குறிப்பிடுகிறார்கள். அவர் கணினியைச் செய்து பழகியவர் அல்லர். அந்த நிறுவனத்தின் ஆபீசு வேலைகளை ஆராய்ந்து பழகியவர்.

தேநீர்க் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் வேலையை 1954-இல் கணினிக்குக் கொண்டுவந்த விதத்தைப் பாருங்கள். நாள்தோறும் ஒவ்வொரு கடையும் எத்தனை ரொட்டி, எத்தனை கேக் வேண்டும் என்று முழுப் பட்டியலைச் சொல்லிக்கொண்டிருந்தால், அதைக் கணினிக்குள் ஏற்றுவதற்கே நேரம் போதாது. கடைக்காரப் பெண்மணிகள் திங்கட்கிழமைக்கு வாங்குவது பெரும்பாலும் எல்லாத் திங்களும் ஒரே மாதிரிதான் இருந்தது. ஆகவே ஒவ்வொரு கடைக்கும் கிழமைவாரியாக ஒரு நிலைப் பட்டியல் வைத்துவிட்டார்கள். கடையை நடத்தும் அம்மையார் தொலைபேசியில், "இன்று இது இரண்டு கூட, அது ஒன்று குறைய" என்று மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. கடை நடத்தும் பெண் எப்படி யோசிக்கிறாள் என்று தெரிந்தால் போதும்.

கட்டமைப்பு என்ற சொல் கணினித் துறையில் பரவியதற்கு வேறொரு வரலாறு. 1964 ஏப்ரலில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 'சிஸ்டம் 360' என்ற கணினி வரிசையை அறிவித்தது. சிறிய கணினிக்கு எழுதிய மென்பொருள் அதே வரிசையில் பெரிய கணினியிலும் ஓடும் என்பது அதன் சிறப்பு. அந்தப் பெரும்பணியை நிர்வகித்த ஃபிரெட் புரூக்ஸ், தம் அனுபவத்தை 1975-இல் ஒரு நூலாக எழுதினார். நூறு பேர் சேர்ந்து செய்தாலும், ஒரு மனம் எண்ணியது போன்ற ஒருமைப்பாடு அமைப்பில் இருக்க வேண்டும். அதைக் காப்பதற்கென்றே ஒருவரோ ஒரு சிலரோ பொறுப்பேற்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இன்றைய மென்பொருள் கட்டமைப்பாளரின் பணி பெரும்பாலும் அந்தக் கருத்தின் வழிவந்ததுதான்.

இந்த இரண்டு வேலையும் தவறினால் என்ன ஆகும்? இதற்கும் இலண்டனிலேயே ஒரு சான்று இருக்கிறது. இது தேநீர்க் கடைக் கதை போல இனிமையானதன்று.

இலண்டன் நகரின் ஆம்புலன்ஸ் சேவை நெடுங்காலமாகக் காகிதத்தில் நடந்துவந்தது. யாராவது தொலைபேசியில் அழைத்தால், அதைக் கேட்பவர் விவரத்தை ஒரு படிவத்தில் எழுதுவார். வரைபடப் புத்தகத்தில் இடத்தைத் தேடிக் குறிப்பார். படிவத்தை ஓடும் பட்டையில் போடுவார். அது அறையின் மறுபக்கம் போய்ச் சேரும். அங்கே இருப்பவர் எந்த வண்டியை அனுப்புவது என்று முடிவு செய்வார். மெதுவான முறைதான். அதனால் இதைக் கணினிக்கு மாற்றினார்கள். 1992 அக்டோபர் 26-ஆம் நாள் புதிய முறை நகர் முழுவதுக்கும் நடப்புக்கு வந்தது. எந்த வண்டி எங்கே இருக்கிறது என்பதைக் கணினியே அறிந்து, அருகிலுள்ள வண்டியை அதுவே தேர்ந்தெடுக்கும் என்பது திட்டம்.

அந்தத் திட்டம் ஒரு நம்பிக்கையின்மேல் நின்றது. வண்டி ஓட்டுபவர்கள் புறப்பட்டதும் ஒரு பொத்தான், சேர்ந்ததும் ஒரு பொத்தான், நோயாளியை இறக்கியதும் ஒரு பொத்தான் என்று தவறாமல் வரிசையாக அமுக்கிக்கொண்டே இருப்பார்கள் என்பதுதான் அது. உயிருக்குப் போராடும் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்குப் பொத்தான் நினைவிருக்குமா? சில இடங்களில் ரேடியோ அலையே எட்டவில்லை. சில சமயம் தங்களுக்குக் குறித்த வண்டியை விட்டு வேறு வண்டியை எடுத்துச் சென்றார்கள். இப்படி விவரம் பிசகியதும் கணினி, இருக்கும் வண்டியை இல்லை என்று எண்ணியது. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகளை அனுப்பியது. தூரத்து வண்டியை அழைத்தது. எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்து, பழையவை மேலே ஏறிக் கண்ணிலிருந்து மறைந்தன. வண்டி வராததால் மக்கள் மீண்டும் மீண்டும் அழைத்தார்கள்; அந்த அழைப்புகளும் சேர்ந்து பாரம் ஏறியது. மறுநாள் பிற்பகலில் பழைய முறைக்குப் பாதி திரும்ப வேண்டியதாயிற்று. சேவையின் தலைமை நிர்வாகி பதவி விலகினார்.

1993-இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்ன ஒரு செய்தி மிகவும் கவனிக்கத்தக்கது. அந்த இரண்டு நாட்களிலும் கணினி தொழில்நுட்ப முறையில் கெட்டுப்போகவில்லை. எப்படிச் செய்யுமாறு வகுக்கப்பட்டதோ பெரும்பாலும் அப்படியே செய்தது. வகுத்ததில்தான் பிழை. வண்டி ஓட்டுபவர்களோடு போதுமான அளவு கலந்து பேசவில்லை. அதாவது பெரட்டுக் களத்துக்குப் போகாமல் ஆபீசிலேயே கணக்கெழுதிய பகுப்பாய்வு அது.

கதை அங்கே முடியவில்லை. நவம்பர் 4-ஆம் நாள் அதிகாலையில் கணினி மெல்ல மெல்லத் தளர்ந்து, முற்றிலும் நின்றுவிட்டது. காரணம் மிகச் சிறியது. சில வாரங்களுக்கு முன் ஒரு புரோகிராமர் செய்த மாற்றத்தில் ஒரு சிறு பகுதி கவனக்குறைவாக உள்ளேயே தங்கிவிட்டது. ஒவ்வொரு முறை வண்டி அனுப்பப்படும்போதும் அது கணினியின் நினைவகத்தில் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்காமல் இருந்தது. ஸ்டோரிலிருந்து ஆளுக்கொரு வாளியை எடுத்துப் போய், ஒருவரும் திருப்பி வைக்காவிட்டால் ஒரு நாள் ஸ்டோரில் வாளியே இருக்காது அல்லவா? அதுதான் நடந்தது. அந்தச் சிறு தவறு புரோகிராமருடையது, உண்மைதான். எந்த மனிதரும் தவறு செய்வார். ஆனால் ஒரு தவறு முழு நகரத்தின் ஆம்புலன்ஸ் சேவையையும் நிறுத்தும்படி அமைப்பு ஏன் இருந்தது? முதல் கணினி நின்றால் கைகொடுக்க வேண்டிய மாற்றுக் கணினி ஏன் கைகொடுக்கவில்லை? இது கட்டமைப்பு பற்றிய கேள்வி. அந்த இரவு மீண்டும் காகிதமும் பேனாவும்தான் வேலை செய்தன.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்டோபரில் கணினி ஓடியது, ஆனால் ஓடியது தவறான வேலைக்கு. நவம்பரில் கணினியே நின்றது. இரண்டு நோய்களும் வேறு, மருத்துவர்களும் வேறு. பிறகு அதே சேவை, ஊழியர்களைச் சேர்த்துக்கொண்டு, அவசரப்படாமல் படிப்படியாக ஒரு புதிய முறையை அமைத்து 1996-இல் நடப்புக்குக் கொண்டுவந்தது. அது நிலைத்தது.

சரி, நம் பிள்ளைகளுக்கு வருவோம். பட்டமோ டிப்ளோமாவோ முடித்த உடனே யாரும் கட்டமைப்பாளர் ஆவதில்லை. பெரும்பாலும் புரோகிராமராகத் தொடங்கி, பல ஆண்டுகள் எழுதி, தாம் எழுதியது பாரம் தாங்காமல் உடைவதையும் கண்டு, அதன்பின் அந்த இடத்துக்கு வருகிறார்கள். மரம் வெட்டத் தெரியாதவர் கங்காணியானால் என்ன ஆகும் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பகுப்பாய்வுப் பணிக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. இளையவர்களையும் அதில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்குக் கணிதத்தோடு வேறு சிலவும் வேண்டும். பிறர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். புரியாததைப் புரியவில்லை என்று கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். கேட்டதைத் தெளிவாக எழுத வேண்டும்.

இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், பாடத்தில் ஆங்கிலம், கடைத்தெருவில் கொஞ்சம் சீனமும் என்று வளர்கிறவர்கள் அவர்கள். லோரி ஓட்டுபவரிடமும் துரையிடமும் அவரவர் பேச்சில் பேசத் தெரிந்த ஒரு பகுப்பாய்வாளர் கிடைத்தால் எந்த நிறுவனம் வேண்டாம் என்று சொல்லும்? அதே வேளையில், பேச்சில் நாட்டமில்லாமல், பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையும் சில வீடுகளில் உண்டு. "இது ஏன் இப்படி இருக்கிறது? இதைக் கழற்றினால் எது நிற்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அவனை அதட்ட வேண்டாம். கட்டமைப்பாளருக்கு வேண்டிய குணம் அதுதான்.

விளம்பரத்தில் வரும் பட்டப் பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. சிறிய நிறுவனங்களில் ஒருவரே கேட்டறிவதும், கட்டமைப்பதும், எழுதுவதும், சோதிப்பதும் உண்டு. ஒரு நிறுவனம் அனலிஸ்ட் என்று அழைப்பவரை மற்றொரு நிறுவனம் புரோகிராமர் என்றே வைத்திருக்கும். ஆர்க்கிடெக்ட் என்ற பெரிய பெயரைக் கொடுத்து, சம்பளத்தை மட்டும் சிறியதாக வைத்திருப்பவர்களும் இல்லாமல் இல்லை. ஆகவே நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளை, "நான் யாரிடம் போய்க் கேட்டறிய வேண்டியிருக்கும்? அமைப்பை முடிவு செய்வது யார்? பழுதானால் இரவில் யாரை எழுப்புவீர்கள்?" என்று கேட்கட்டும். அந்தப் பதில்களில் வேலை என்னவென்று தெரிந்துவிடும்.

இனி ஒரு நாள் உங்கள் தோட்டத்திலும் கையில் குறிப்புப் புத்தகத்தோடு ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ வந்து நிற்கலாம். செம்பனைக் குலைகளை யார் எண்ணுகிறார்கள், உதிரிப் பழத்தை எங்கே நிறுக்கிறார்கள் என்று கேட்கலாம். "எல்லாம் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடாதீர்கள். லோரி வராமல் குலைகள் இரவு முழுதும் பாதையோரம் கிடந்த நாளில் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்பதை அவரிடம் சொல்லுங்கள். அவர் அதை எழுதிக்கொள்கிறாரா என்றும் பாருங்கள்.